உங்க டெஸ்ட்டுல எங்க தீவு இருக்கா?

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். நான் பொட்டி தட்டுறவன் இல்லை. பி.காம் படிச்சுட்டு வங்கியில ஆபீசரா குப்பை கொட்டுறவன். இந்தப் பக்கத்துக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் சென்னையிலயும் பெங்களூர்லயும் ஆணி பிடுங்குற மென்பொருள் மக்கள்னு தெரியும். இன்னிக்கு உங்களைத்தான் திட்டப் போறேன். போன பதிவுல ஹாவ்லாக் படம் பார்த்துட்டு "அந்தமான்ல இருக்கீங்க, குடுத்து வச்ச ஆளு"ன்னு எழுதின நண்பரும் அப்படியே உட்காருங்க.

விஷயத்துக்கு வருவோம்.

நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் இங்க பலசரக்குக் கடை வச்சிருக்கார். அண்ணாச்சின்னே வச்சுக்குவோம். வந்து முப்பது வருஷம் ஆச்சு. பொண்ணு மதுரைப் பக்கம் நர்சிங் படிக்குது. போன மழைக்காலத்துல ஒருநாள் மத்தியானம் கிளைக்கு ஓடி வந்தார். "தம்பி, ஃபீஸு கட்ட இன்னிக்குத்தான் கடைசி நாளு. செல்லுல போக மாட்டேங்குது, நீங்களே அனுப்பி விட்டுருங்க"ன்னார். 48,500 ரூபாய். நானே உட்கார்ந்து ஸ்கிரீன்ல அடிச்சேன். சக்கரம் சுத்துச்சு. 30 நொடி சுத்திட்டு, சிவப்பு எழுத்துல "பரிவர்த்தனை தோல்வி"ன்னு சொல்லுச்சு. நான் ஒண்ணும் நேத்து வேலைக்குச் சேர்ந்தவன் இல்லை. அவர் கணக்கைத் திறந்து பார்த்தேன். இருப்பு குறையலை. சரின்னு திரும்ப அடிச்சேன். போயிடுச்சு. அண்ணாச்சி டீ வாங்கிக் குடுத்துட்டுப் போனார்.

பத்து நிமிஷம் கழிச்சு முதல்ல "தோல்வி" அடைஞ்சதும் போயிடுச்சு. காலேஜ் கணக்குல 97,000.

காலேஜ்தானே, திருப்பித் தந்துடுவாங்கன்னு நினைப்பீங்க. தந்தாங்க, 23 நாள் கழிச்சு. நடுவுல அண்ணாச்சி சென்னை மொத்த வியாபாரிக்குக் குடுத்திருந்த செக் பணம் பத்தாம திரும்பிடுச்சு. அதுக்கு அபராதம் வேற. எங்க வங்கி வசூல் பண்ணினது தான், வெட்கமா இருக்கு. அந்த வியாபாரி "இனிமே முன்பணம் வந்தாதான் சரக்கு"ன்னுட்டார். சென்னையிலிருந்து கப்பல் வர மூணு நாள் ஆகும், அதுவும் நாம நினைச்ச நாள்ல எல்லாம் கிடையாது. ஒரு கப்பலை விட்டா கடையில பருப்பும் எண்ணெயும் காலி. இருபது வருஷப் பழக்கம், ஒரு சிவப்பு எழுத்துல போச்சு.

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர்ல ஒரு சுற்றறிக்கை போட்டுச்சு. ஐஎம்பிஎஸ், யுபிஐல பணம் எடுத்து அந்தப் பக்கம் சேரலைன்னா, மறுநாளுக்குள்ள திருப்பணும், தாண்டினா நாளுக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடு. அருமையான விதி. அண்ணாச்சிக்கு ஒரு பைசா கிடைக்கலை. ஏன்னா இங்க எதுவும் தோல்வி அடையலை பாருங்க, ரெண்டு தடவையும் வெற்றி!

மெமோ யாருக்கு வந்துச்சுன்னு கேட்க மாட்டீங்களே? எனக்குத்தான். "ஒரே பரிவர்த்தனையை இருமுறை பதிவு செய்ததற்கு விளக்கம் தரவும்." தந்தேன். அது ஓடிக்கிட்டு இருக்கு, அதனால வங்கி பேரு, கிளை இருக்கிற தீவு பேரெல்லாம் கேட்காதீங்க.

இப்ப உங்களுக்கு. நடந்தது என்னன்னு எனக்குப் புரிஞ்ச அளவுல சொல்றேன், தப்புன்னா திருத்துங்க. என் ஸ்கிரீனுக்கும் ஐஎம்பிஎஸ்ஸுக்கும் நடுவுல ஒரு வெப் சர்வீஸ் இருக்கு. என் கோரிக்கை அங்க போய்ச் சேர்ந்துடுச்சு, வரிசையில நின்னுச்சு. பதில் வர 30 நொடிக்கு மேல ஆச்சு. என் பக்கத்து மென்பொருள் பொறுமை இழந்து, "பதில் வரலை"ங்கிறதை "தோல்வி"ன்னு எழுதிடுச்சு. ரெண்டும் ஒண்ணாய்யா? பதில் வரலைன்னா தெரியலைன்னு அர்த்தம். வங்கிக் கணக்குல தெரியலைங்கிறதுக்குன்னே அனாமத்துக் கணக்கு வச்சிருக்கோம். விடை தெரியிற வரைக்கும் அங்க கிடக்கட்டும்னு. மென்பொருள்ல மட்டும் தெரியலைங்கிற வார்த்தையே இல்லை.

அடுத்தது இன்னும் மோசம். நான் ரெண்டாவது தடவை அடிச்சப்ப, அது புது குறிப்பு எண்ணோட போச்சு. பழைய எண்ணோட போயிருந்தா அந்தப் பக்கம் "இது ஏற்கனவே வந்துடுச்சு"ன்னு ஒதுக்கியிருக்கும். இதெல்லாம் அமெரிக்கால கண்டுபிடிச்ச ராக்கெட் சயின்ஸ் இல்லை. என்னோட முதல் மேனேஜர் சொல்லுவார்: தந்தி மூலமா பணம் அனுப்பின காலத்துல, தந்தி போன பின்னாடி தபால்ல ஒரு உறுதிப் பிரதி போகும். தபால்ல வந்ததைப் பார்த்துட்டு எவனாவது ரெண்டாவது தடவை வரவு வச்சுடுவான்னு பயந்து, இது அந்தத் தந்தியோட நகல்தான்னு அதுலயே குறிச்சிருப்பாங்க. டிராஃப்ட் தொலைஞ்சா எடுத்தவுடனே வேற ஒண்ணு எழுதித் தர மாட்டோம். பழசு பணமாகலைன்னு உறுதி பண்ணிட்டு, பிணைப் பத்திரம் வாங்கிட்டு, அப்புறம்தான் நகல். காகிதக் காலத்து குமாஸ்தாவுக்குத் தெரிஞ்ச பாடம் இது.

"சார், ஆயிரத்துல ஒரு தடவை நடக்கிறது, அதை எப்படி டெஸ்ட் பண்றது?"ன்னு கேட்பீங்க. எனக்குத் தெரியும், ஏன்னா இதே கேள்விக்கு நானும் தலையாட்டியிருக்கேன்.

இந்தத் தீவுக்கு வர்றதுக்கு முன்னால, எங்க வங்கியில யுஏடிக்குன்னு என்னை மூணு மாசம் பெருநகரத்துக்கு அனுப்பினாங்க. பயனாளர் ஏற்புச் சோதனை. பேரு பெருசு, வேலை என்னன்னா, குளுகுளு ஹால்ல உட்கார்ந்து, எக்செல்ல இருக்கிற முந்நூறு வரியை ஒவ்வொண்ணா ஸ்கிரீன்ல அடிச்சுப் பார்த்து, பக்கத்துல "பாஸ்"னு போடுறது. சர்வர் அதே கட்டடத்துல. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள பதில். பாதி நாள் "என்விரான்மென்ட் டவுன்"னு சொல்லிடுவாங்க, டீ குடிக்கப் போயிடுவோம். கடைசி வாரம் அவசர அவசரமா முந்நூறும் பாஸ். அடியில கையெழுத்துப் போட்டவங்கள்ல நானும் ஒருத்தன். அண்ணாச்சி பணம் ரெண்டு தடவை போன அந்த சர்வீஸ் அந்தப் பட்டியல்ல இருந்துச்சு. மெமோவுக்கு எழுதின விளக்கத்துல இதைச் சொல்லலை. இங்க சொல்லிடறேன்.

அங்க கான்ட்ராக்ட்ல ஒரு பையன் இருந்தான். ரொம்பப் பேச மாட்டான். ஒருநாள் என்விரான்மென்ட் டவுனா இருந்தப்ப அவன் மட்டும் வேலை பார்த்துக்கிட்டு இருந்தான். எப்படிப்பான்னேன். "சார், நான் அந்த சர்வரை நம்பி இல்லை, என் டெஸ்ட்டுக்குள்ளயே ஒரு சர்வர் வச்சிருக்கேன்"ன்னான்.

எனக்கு அவன் விளக்கினதை பி.காம் பாஷையில சொல்றேன். எம்பெடட் சர்வர்னு பேரு. டெஸ்ட் புரோகிராம் ஓட ஆரம்பிக்கும்போதே தனக்குள்ளயே ஒரு குட்டி சர்வரைக் கிளப்பிக்கும். தனி மெஷின் வேண்டாம், நிறுவ வேண்டாம், யார்கிட்டயும் அனுமதி வேண்டாம். காலியா இருக்கிற போர்ட் ஒண்ணை ஆபரேட்டிங் சிஸ்டம்கிட்ட கேட்டு வாங்கிக்கும். நிஜமான கோரிக்கை நிஜமான எச்டிடிபில போகும், பதில் வரும், சரி பார்க்கும், சர்வரை மூடிடும். எல்லாம் ஓரிரு நொடி. ஜாவாவுல ஜெட்டின்னு ஒண்ணு 1995லிருந்தே இருக்காம். இலவசம். 2011ல வந்த வயர்மாக்னு இன்னொண்ணு, அதே ஜெட்டியை உள்ள வச்சுக்கிட்டு, எதிராளி மாதிரி வேஷம் போடும். அதுவும் இலவசம். (இலவசம்னு ரெண்டு தடவை சொல்லக் காரணம், பட்ஜெட் இல்லைன்னு யாராவது ஆரம்பிப்பீங்க.)

இந்த வேஷம்தான் விஷயமே. நிஜமான பேமென்ட் நெட்வொர்க்கோட சோதனை சர்வர்கிட்ட போய், "அய்யா, இந்தக் கோரிக்கையை வாங்கிக்கிட்டு 40 நொடி வாயைத் திறக்காதீங்க"ன்னு கேட்க முடியுமா? "பாதி பதில் அனுப்பிட்டு இணைப்பை அறுத்துடுங்க"ன்னு கேட்க முடியுமா? வேஷக்கார சர்வர்கிட்ட கேட்கலாம். தாமதமா பதில் சொல்லும், சொட்டுச் சொட்டா சொல்லும், காலிப் பதில் தரும், குப்பையைக் கொட்டும், நடுவுல செத்துப்போகும். எத்தனை தடவை கேட்டாலும் அதே மாதிரி சாகும். அதுவும் 40 நொடி காத்திருக்கக்கூட வேண்டாம். டெஸ்ட்டுல பொறுமையோட அளவை 1 நொடியாக்கி, பதிலை 2 நொடி தாமதிச்சா போதும். நடக்கிறது அதேதான்.

அண்ணாச்சிக்கு நடந்ததை அப்படியே எழுதிக் காட்டவா? வேஷக்கார சர்வரே, கோரிக்கையை வாங்கி வச்சுக்க, பதில் சொல்லாதே. நம்ம மென்பொருளே, 48,500 அனுப்பு. காத்திருந்து கைவிட்டியா? ஸ்கிரீன்ல என்ன எழுதினே? "தோல்வி"ன்னு எழுதியிருந்தா டெஸ்ட் ஃபெயில். சரி, திரும்ப அனுப்பு. இப்ப வேஷக்கார சர்வரே, உன்கிட்ட எத்தனை குறிப்பு எண் வந்துச்சு? ரெண்டு வித்தியாசமான எண்ணுன்னா ஃபெயில். அவ்வளவுதான். அந்தப் பையன் கிட்டத்தட்ட இதையே எழுதி வச்சிருந்தான். சிவப்பா ஃபெயில்னு காட்டுச்சு. அவங்க மேலாளர்கிட்ட காட்டினான். "இது ஸ்கோப்புல இல்லை"ன்னு பதில் வந்துச்சு. நானும் பக்கத்துல தான் நின்னேன். வாயைத் திறக்கலை.

ஆகவே ஆயிரத்துல ஒரு தடவை நடக்கிறதை டெஸ்ட் பண்ண முடியாதுன்னு இனிமே யாரும் எங்கிட்ட சொல்லாதீங்க. அதுலயும் ஆயிரத்துல ஒண்ணுங்கிறது உங்க ஊர்ல. எங்க ஊர்ல மழை பெய்தா பத்துல ஒண்ணு.

சென்னைக்காரங்களுக்கு இதைச் சொல்லணும். 2020 ஆகஸ்ட் 10 வரைக்கும் இந்தத் தீவுகள் முழுக்க செயற்கைக்கோளை நம்பித்தான் இருந்துச்சு. அன்னிக்குத்தான் சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கடலடிக் கேபிள் திறந்தாங்க. (2024 செப்டம்பர்ல போர்ட் பிளேர் பேரை ஸ்ரீ விஜயபுரம்னு மாத்திட்டாங்க. பழக்கம் இன்னும் வரலை.) ஹாவ்லாக், லாங் ஐலண்ட், ரங்கத், ஹட் பே, கமோர்ட்டா, கார் நிக்கோபார், கேம்பல் பே வரைக்கும் சேர்த்து சுமார் 2,300 கிலோமீட்டர், 1,224 கோடி ரூபாய். வாழ்க்கையே மாறிடுச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா கேபிள் வர்றது கரை வரைக்கும். கரையிலிருந்து என் கிளைக்கு வர்ற கடைசித் தூரம் காத்துலயும் மழையிலயும் ஆடுது. அது விழுந்தா திரும்ப விசாட், அதாவது செயற்கைக்கோள்.

செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்துல. கேள்வி ஏறி இறங்கணும், பதில் ஏறி இறங்கணும், மொத்தம் 1,44,000 கிலோமீட்டர். ஒளியோட வேகத்துலயே கிட்டத்தட்ட அரை நொடி. இதைக் குறைக்க எந்த மந்திரியாலயும் முடியாது. இப்ப உங்க அழகான ஸ்கிரீன், ஒரு பரிவர்த்தனைக்கு ஒண்ணு முடிஞ்சு ஒண்ணா நாற்பது தடவை சர்வரைக் கூப்பிட்டா? இருபது நொடி சும்மா ஆகாயத்துலயே போச்சு. மிச்சம் பத்து நொடியில வங்கி வேலை முடியணும். குளுகுளு ஹால்ல நாற்பது தடவை கூப்பிட்டாலும் கால் நொடி. அதனால யாரும் எண்ணிப் பார்க்கலை.

இங்க இன்னொரு பொறி இருக்கு. எம்பெடட் சர்வர் வச்சுட்டோம்னு மார் தட்டிக்கிற மக்களும் கேளுங்க. அந்த சர்வர் உங்க மடியிலயே உட்கார்ந்திருக்கு. ஒரு மில்லி நொடியில பதில் சொல்லும். குளுகுளு ஹாலை விட மோசமான பொய் அது. அதுக்கு நீங்களா தாமதத்தைச் சொல்லிக் குடுக்கணும், அறுபடச் சொல்லிக் குடுக்கணும். சொல்லிக் குடுக்காம ஆயிரம் டெஸ்ட் பச்சையா எரிஞ்சா எனக்கென்ன?

பி.காம் முதல் வருஷத்துல இருப்பாய்வு பாடம் நடத்தினவுடனே அடுத்ததா ஒண்ணு நடத்துவாங்க: இருப்பாய்வு சரியா வந்தாலும் வெளியே தெரியாத பிழைகள். விடு பிழை, விதிப் பிழை, ஈடுசெய் பிழைன்னு. பற்றும் வரவும் சமமா வந்துடுச்சுன்னா கணக்கு சரின்னு அர்த்தம் இல்லைடா, எழுதாமலே விட்டது சமமாத்தான் வரும்னு எங்க வாத்தியார் மண்டையில அடிச்சு சொல்லுவார். முந்நூறு பாஸும் இருப்பாய்வு மாதிரிதான். எழுதாம விட்ட முந்நூத்தி ஒண்ணாவது வரியிலதான் அண்ணாச்சி நின்னார்.

இது சின்ன தீவோட சின்ன பிரச்சனைன்னு நினைக்காதீங்க. 2023 நவம்பர் 10லிருந்து 13 வரைக்கும், சரியா தீபாவளி சமயம், யூகோ வங்கியில சுமார் 41,000 கணக்குகள்ல 820 கோடி ரூபாய் வரவு விழுந்துச்சு. ஐஎம்பிஎஸ்லதான். அனுப்பின வங்கிகள்ல பரிவர்த்தனை தோல்வி, பணம் எடுக்கப்படலை. இந்தப் பக்கம் மட்டும் வரவு. வந்த பணத்தைப் பலபேர் எடுத்துட்டாங்க. சில நாள்ல 649 கோடி மீட்டுட்டதா வங்கி சொல்லுச்சு. சிபிஐ வழக்குப் போட்டு, ஆதரவுப் பணியில இருந்த ரெண்டு பொறியாளர்கள் பேரையும் சேர்த்துச்சு. வேணும்னே செஞ்சதா, தவறுதலான்னு தீர்ப்பு சொல்றது என் வேலை இல்லை. நான் பார்க்கிறது ஒண்ணுதான்: ஒரு பக்கம் தோல்வி, ஒரு பக்கம் வெற்றி. அண்ணாச்சியோட 48,500ம் அதே ஜாதி.

இங்கிலாந்துல டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரல்ல சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்களைப் புது மென்பொருளுக்கு மாத்துச்சு. 19 லட்சம் பேர் வரைக்கும் கணக்கைத் திறக்க முடியாம தவிச்சாங்க. பின்னாடி விசாரிச்சா, இருந்தது ரெண்டு டேட்டா சென்டர், சுமை தாங்குமான்னு சோதிச்சது ஒண்ணுலதானாம்! 2022 டிசம்பர்ல 4.865 கோடி பவுண்ட் அபராதம். அங்க இன்னொண்ணும் நடந்துச்சு. 2023ல அந்த வங்கியோட தலைமைத் தகவல் அதிகாரியா இருந்தவருக்குத் தனிப்பட்ட முறையில 81,620 பவுண்ட் அபராதம் போட்டாங்க. மெமோ கவுன்டர்ல இருந்தவங்களுக்குப் போகலை. படிச்சப்ப எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு.

இந்த டிஎஸ்பி கதையையே எடுத்து எனக்கு எதிராவும் பேசலாம். "பார்த்தீங்களா, நிஜ மெஷின்ல சோதிக்காததாலதானே பிரச்சனை, உங்க வேஷக்கார சர்வர் என்ன கிழிக்கும்?" நியாயம். கிழிக்காது. நிஜ சுமை, நிஜ டேட்டா சென்டர், நிஜ கேபிள் எல்லாத்துக்கும் நிஜ சோதனை வேணும். வேஷக்காரனுக்கு நீங்க சொல்லிக் குடுத்த வசனம்தான் தெரியும், எதிராளி நாளைக்கு வசனத்தை மாத்தினா இவன் பழசையே ஒப்பிச்சுக்கிட்டு இருப்பான். அதுக்காக அப்பப்ப நிஜ ஆளோட ஒத்திப் பார்க்கணும். நான் கேட்கிறது இது வேணாம் அதுன்னு இல்லை. தீயணைப்பு ஒத்திகைக்குக் கட்டடத்தைக் கொளுத்த முடியாதுன்னு ஒத்திகையே வேண்டாம்னு சொல்றீங்களே, அதுதான் எரிச்சல்.

எங்க புகார்ப் பதிவேட்டை யாராவது படிங்கன்னுதான் கேட்கிறேன். ஒவ்வொரு கிளையிலயும் இருக்கு. "ரெண்டு தடவை போச்சு", "போகலைன்னுச்சு, போயிடுச்சு", "ஏடிஎம்ல பணம் வரலை, கழிச்சுட்டான்". ஒவ்வொரு வரியும் ஒரு டெஸ்ட். அண்ணாச்சிக்கு நடந்ததை நான் ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதி, நேரம், குறிப்பு எண், ஸ்கிரீன் படத்தோட ஐடி பிரிவுக்கு அனுப்பினேன். டிக்கெட் எண் தந்தாங்க. ஆறு நாள்ல மூடிட்டாங்க. காரணம் என்ன தெரியுமா? "நெட்வொர்க் பிரச்சனை. கிளை தன் இணைப்பைச் சரிபார்க்கவும்." போய் மழையைச் சரிபார்த்துட்டு வரணும் போல.

நெட்வொர்க் அறுபடும்ங்கறது பிழை இல்லைங்க, அது எங்க ஊர் வானிலை. அறுந்தா என்ன செய்யணும்னு தெரியாம இருக்கிறதுதான் பிழை. அது உங்க பக்கம் இருக்கு.

இதைப் படிக்கிற வங்கி மென்பொருள் மக்கள் யாராவது இருந்தா, நாளைக்கு ஆபீஸ் போய் ஒரே ஒரு டெஸ்ட் எழுதிப் பாருங்க. மேல சொன்னதுதான். பேர் வேணும்னா "அண்ணாச்சி"ன்னே வைங்க, அவர் கோவிச்சுக்க மாட்டார். பச்சையா வந்தா எனக்கு ஒரு வரி எழுதுங்க, சந்தோஷப்படுவேன். சிவப்பா வந்து உங்க மேலாளர் ஸ்கோப்புல இல்லைன்னு சொன்னாலும் எழுதுங்க.

பி.கு: அண்ணாச்சி இப்பவும் எங்க கிளைக்குத்தான் வர்றார். ஆனா பொண்ணுக்குப் பணம் அனுப்பணும்னா, ஊருக்குப் போற யார்கிட்டயாவது கையில குடுத்து விடுறார். போன வாரம் லீவுல நான் கிளம்பினப்ப எங்கிட்டயே கவரை நீட்டினார். ஐந்நூறு ரூபாய்க் கட்டு. எண்ணிப் பார்த்துட்டு வாங்கிக்கிட்டேன்.